மாசம் பொறந்தா பென்ஷன் வருது, உனக்கின்னா

எங்கள் ஊரில் அப்பாவைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுகிற ஒரு வாக்கியம் உண்டு. "உனக்கின்னாபா, மாசம் பொறந்தா பென்ஷன் வருது." மழை பொய்த்த வருஷம் டீக்கடையில் சொல்வார்கள். மணிலா, அதாவது வேர்க்கடலை, விலை விழுந்தால் மண்டியில் சொல்வார்கள். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டால், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவரே வந்து சொல்வார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அப்பாவும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்குத்தான் சின்ன வயசிலிருந்தே அது உறுத்திக்கொண்டிருக்கிறது. பொய் என்றால் மறுத்துவிட்டுப் போகலாம். பென்ஷன் வருவது உண்மை, அது இல்லையென்றால் எங்களுக்கு இன்றைக்கு நிலமே இருந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சு சொல்ல வருவது வேறு. நீ பொழுதுபோகாமல் பயிர் வைக்கிறவன், விளைந்தாலும் விளையாவிட்டாலும் உனக்கு ஒன்றுதான், எங்கள் கஷ்டத்தில் உனக்குப் பங்கில்லை என்று அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குத் தெரியும், ஏன் தப்பு என்று கோர்வையாகச் சொல்ல வந்ததில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா 1985-ல் பட்டாளத்துக்குப் போனார், அப்போது 18 வயசு. 2003-ல் நாயக் பதவியில் பென்ஷன் வந்தார், அப்போது 36. எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், எங்கள் ஊர் அதற்கு ரொம்பத் தூரம் இல்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று. நூறு வருஷமாக இந்த மண் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வீரம் என்று மேடையில் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. கூடவே பாலாற்றையும் பார்க்க வேண்டும். மணல்தான் ஓடும். ஏரி நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் கிணற்றில் ஊறுகிற அளவுக்குப் பயிர். ரெண்டு மூன்று பையன்கள் இருக்கிற வீட்டில் ஒருவன் வெளியே போய்ப் பணம் அனுப்பினால்தான் மற்றவர்கள் ஊரில் ஏர் பிடிக்க முடியும். அந்த ஒருவனாக எங்கள் வீட்டில் அப்பா போனார்.

அவர் போன வருஷம் எங்கள் ரெண்டு காணியில் ஒரு காணி போக்கியத்தில் இருந்தது. தாத்தா கிணறு வெட்டக் கடன் வாங்கி, அதைக் கட்ட முடியாமல், நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டிருந்தார். அப்பா குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் சேர்ந்ததும், வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு நீலகிரிக் குளிரில் நடுங்கியதும், பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் இந்தியில் திட்டியது புரியாமல் ஒரு மாதம் எல்லாவற்றுக்கும் 'ஜீ சாப்' சொன்னதும் எங்களுக்கு மனப்பாடம். அவர் எங்களுக்குச் சொல்லாமல், ஆயா, அப்பாவைப் பெற்றவர், சொல்லித் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. முதல் சம்பளத்திலிருந்து மணியார்டர் வந்துகொண்டே இருந்ததாம். மூன்று வருஷம் முடிவதற்குள் போக்கியம் மீண்டது. நாட்டுக்காகப் போனாரா நிலத்துக்காகப் போனாரா என்று நான் ஒரு தடவை கேட்டேன், காலேஜ் படிக்கிற வயசில் கேட்கத் தோன்றுமே, அப்படி. அவர் கொஞ்சம்கூட யோசிக்காமல், "நிலத்துக்காகப் போனேன், போன அப்புறம் நாட்டுக்காக இருந்தேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அதில் ஒன்று உயர்ந்தது ஒன்று தாழ்ந்தது என்று அவர் பிரிக்கவில்லை.

லீவைக்கூடப் பயிருக்குத் தகுந்த மாதிரிதான் போடுவார். வருஷத்துக்கு ரெண்டு மாதம் ஆண்டு விடுப்பு. கூட இருந்தவர்கள் தீபாவளி, பொங்கல் என்று கேட்கும்போது இவர் நடவு, அறுவடை என்று நாள் பார்த்துக் கேட்பாராம். ஜம்முவிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கி, மறுநாள் காலையில் சேற்றில் நிற்பார். மீதி மாதங்களில் கடிதம். 56 ஏ.பி.ஓ. என்று பட்டாளத்துத் தபால் நிலைய முகவரி போட்டு நீல நிற இன்லேண்டில் அம்மா எழுதுவார், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி சொல்லுவோம். பதிலில் எங்களுக்கு ரெண்டு வரி இருக்கும். பாக்கி முழுக்க மாடு கன்று போட்டதா, வரப்பை யாராவது வெட்டினார்களா, கிணற்றில் எத்தனை படி தண்ணீர் தெரிகிறது என்பதுதான்.

பட்டாளத்தில் பட்டதைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். சியாச்சின் பனிமலையில் ஒரு முறை காவல் போஸ்ட்டில் இருந்திருக்கிறார். வலது கால் விரல்கள் ரெண்டில் இன்றைக்கும் உணர்ச்சி கிடையாது, முள் குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி அங்கே 19-ஆவது மதராஸ் பட்டாலியனின் போஸ்ட்டில் பனிச்சரிவு விழுந்து பத்துப் பேர் புதைந்தபோது, அப்பா டி.வி. பக்கமே வரவில்லை. அதில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. எல்லாம் கிராமம். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்ட செய்தி வந்தபோது நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். மணிலாவுக்கு ஜிப்சம் போட்டு மண் அணைத்துக்கொண்டிருந்தார். "அங்க அவ்ளோ நேரம் தாங்க முடியாதும்மா" என்றார். பிப்ரவரி 11-ஆம் தேதி ஹனுமந்தப்பா டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

2004 கோடை

2002 கடைசியில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பா அப்போதுதான் எல்லையிலிருந்து திரும்பியிருந்தார். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பத்து மாதம் ராணுவம் மொத்தமும் எல்லையில் நின்றதே, அந்தச் சமயம். இன்னும் கொஞ்ச வருஷம் இருந்திருந்தால் ஹவில்தார் ஆகியிருப்பார், பென்ஷனும் கூடியிருக்கும். அம்மா இருக்கச் சொல்லித்தான் மன்றாடினார். ஆனால் சித்தப்பா திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார், ஏர் பிடிக்க ஆள் இல்லை, நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டால் திரும்பி வருமா என்ற பயம் வேறு. அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பட்டாளத்தில் பென்ஷனுக்கு 15 வருஷம் போதும், அவருக்கு அதற்கு மேலேயே ஆகியிருந்தது.

வந்து சேர்ந்த நேரம் மாதிரி மோசமான நேரம் கிடையாது. தமிழ்நாடு முழுக்க வறட்சி. ஏரி தொடர்ந்து நிரம்பவில்லை. தாத்தா வெட்டிய கிணற்றில் அடியில் ஒரு குழி அளவுக்குத் தண்ணீர், காலையில் கால் மணி நேரம் மோட்டார் ஓடினால் காற்று வாங்கும். சுற்றிலும் எல்லோரும் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் கிணறு இன்னும் வேகமாக இறங்கியது. அப்பாவிடம் பணம் இருந்தது. வாழ்க்கையில் அவர் கையில் மொத்தமாகப் பணம் இருந்த ஒரே சமயம் அதுதான். பட்டாளத்துப் பென்ஷனில் ஒரு வசதி உண்டு. மாதாமாதம் வர வேண்டியதில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், கம்யூடேஷன் என்பார்கள். அப்போதைய விதிப்படி பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 45 சதவீதம் வரைக்கும் வாங்கலாம். வாங்கினால் 15 வருஷத்துக்கு அந்தப் பகுதி பென்ஷனில் வராது. அப்பா முழு அளவுக்கு வாங்கியிருந்தார். அக்கா கல்யாணத்துக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்த பணம் அது.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பெரிய பரீட்சை லீவு. நீரோட்டம் பார்க்கிறவர் ஏற்கெனவே வந்து வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்து, வடகிழக்கு மூலையில் கல் போட்டுவிட்டுப் போயிருந்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராத்திரி வந்தது, பின்னாலேயே குழாய் ஏற்றிய இன்னொரு லாரி. கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஆரம்பித்தார்கள். முதலில் செம்மண் வந்தது. கேசிங் பைப் இறக்கினார்கள். அதற்கப்புறம் பாறை. பாறை வந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கல்மாவு புகைந்து வர ஆரம்பித்தது. தண்ணீர் பட்டால் அந்த மாவு கூழாக வரும், அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 200 அடி. 300 அடி. ஒரு இடத்தில் மாவு கொஞ்சம் ஈரமாக வந்தது, அப்பா கையில் பிடித்து உருட்டிப் பார்த்தார், உருண்டது. எல்லோரும் எழுந்து நின்றோம். அடுத்த குழாய் இறங்கியதும் மறுபடியும் காய்ந்த மாவு. 400 அடியில் வண்டிக்காரர் வந்து, "இன்னும் இறக்கலாமாங்க?" என்று கேட்டார். அடிக்கு இவ்வளவு என்று கூலி, ஆழம் போகப் போக அடிக்கூலியும் ஏறும். அப்பா அம்மாவைப் பார்க்கவே இல்லை, "இறக்குங்க" என்றார். 500-லும் அதே கேள்வி, அதே பதில். விடியும்போது 600 அடி தாண்டியிருந்தது. அப்பாவின் தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருந்தது. 37 வயசு ஆள் எழுபது வயசுக் கிழவர் மாதிரி வரப்பில் உட்கார்ந்திருந்தார். அம்மா வாய்விட்டு அழுதார். அப்பா வண்டிக்காரர்களுக்கு டீ வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுத்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார், வண்டி ரோட்டுக்கு ஏறும் வரைக்கும் கூடவே போய் வழி காட்டினார். திரும்பி வந்து குழிக்குள் யாராவது குழந்தை விழுந்துவிடப் போகிறது என்று, அன்றைக்கே ஒரு பலகைக் கல்லை உருட்டிக்கொண்டுவந்து மூடினார்.

இது வரைக்கும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்புறம் நடந்ததை யாரும் கதையாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வாக்கில் பென்ஷன் வந்தது, அந்த மொத்தப் பணத்துக்கான பகுதி போகக் குறைந்துபோய். அதற்கு அடுத்த மாதமும் வந்தது. எங்கள் தெருவில் அந்த வருஷம் போர்வெல் தோற்ற வேறு ரெண்டு வீடுகள் உண்டு. ஒருவர் நிலத்தை விற்றுவிட்டு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போனார். இன்னொருவர் பெங்களூரில் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போனார், அந்த வீடு இப்போது இடிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டில் அரிசி வந்தது, ஸ்கூல் பீஸ் கட்டினோம், மாட்டுக்குத் தவிடு வாங்கினோம், மானாவாரியாக மணிலா போட்டோம், அது போனது, மறுபடியும் போட்டோம். 2005 ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டி ஏரி நிரம்பி, கிணறு மேல்படி வரைக்கும் வந்து நின்றபோது, அந்தத் தெருவில் விதைக்க ஆள் இருந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர் என்றோ உழைப்பாளி என்றோ நான் சொல்ல மாட்டேன். விற்றவரும் விடிகாலையில் வயலுக்குப் போனவர்தான். அவருக்கு மழை இல்லாத மாதத்தில் வருவதற்கு ஒன்றும் இல்லை, எங்களுக்கு இருந்தது.

அப்பாவின் நோட்டு

பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கங்களில் ஷேவிங்கும் கணக்கு நோட்டும் இன்னும் விடவில்லை. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு, தேதி போட்டு, கோடு கிழித்து. வரவுப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே வரி: பென்ஷன். செலவுப் பக்கத்தில் பக்கம் போதாமல் மார்ஜினில் ஏறி எழுதியிருக்கும். உழவு டிராக்டர் 3 மணி. களையெடுப்பு ஆள் 8. ஜிப்சம், ஏக்கருக்கு 160 கிலோ. மோட்டார் காயில் கட்டியது. காட்டுப்பன்றிக்கு வேலி ஓரம் பழைய சேலை. நடுவில் எங்காவது, 'அம்மா மாத்திரை' என்று ஆயாவுக்கு. அவருக்கென்று அதில் எதைத் தேடினாலும் பீடிகூடக் கிடையாது. பட்டாளத்துக் கேன்டீனில் வாங்குகிற சரக்கு முக்கால்வாசி மாமன் மச்சான்களுக்குப் போகும். பழைய நோட்டுகளை நான் ஒரு லீவில் உட்கார்ந்து புரட்டியபோது தெரிந்தது, பென்ஷன் அப்பா கைக்கு வந்து அங்கே தங்கியதே இல்லை. நேராக மண்ணுக்குள் போயிருக்கிறது. நல்ல வருஷத்தில் மண் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, மோசமான வருஷத்தில் விழுங்கியிருக்கிறது. ஒரே பதவி ஒரே பென்ஷன் திட்டம் 2014 ஜூலையிலிருந்து கணக்கிட்டு அமலானபோது நிலுவைத் தொகை தவணை தவணையாக வந்தது. கிணற்றிலிருந்து மேட்டுக் கழனிக்குப் போகிற பி.வி.சி. குழாய் அந்தப் பணம்.

கம்யூடேஷனுக்கான 15 வருஷம் முடிந்து 2018-ல் முழுப் பென்ஷன் திரும்ப வந்தது. அன்றைய பக்கத்தில் அப்பா தொகைக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'வடகிழக்கு மூலைக் குழி, பாக்கி தீர்ந்தது.' தண்ணீரே தராத ஒரு குழிக்கு, மேலே கல் போட்டு மூடி அதன்மேல் ஆடு ஏறி நிற்கிற காலத்திலும், ஒவ்வொரு மாதமும் அவர் பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

லிஸ்ட்டில் வராத ஆள்

அடுத்த வருஷம், 2019 பிப்ரவரியில், பி.எம். கிசான் வந்தது. நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக. ஊரில் முகாம் போட்டார்கள். அப்பா சிட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார், நானும் லீவுக்கு வந்திருந்ததால் கூடப் போனேன். மேஜையில் இருந்த பையன் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க எக்ஸ் சர்வீஸ்மேனா? பென்ஷன் பத்தாயிரத்துக்கு மேல வருதா? அப்ப நீங்க விவசாயி லிஸ்ட்ல வர மாட்டீங்க ஐயா, பென்ஷனர்ல வந்துடுவீங்க" என்றான். விதி அப்படித்தான், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. அப்பா "சரிப்பா" என்று காகிதங்களை அதே கவரில் திரும்பப் போட்டார்.

அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. வேறு வருமானமே இல்லாதவருக்கு அந்த 6,000 போகட்டும், அதுதான் நியாயம், அப்பாவும் அதைத்தான் சொல்வார். என்னை விடாமல் அரித்தது 'நீங்க விவசாயி லிஸ்ட்ல வர மாட்டீங்க' என்பதுதான். டீக்கடையில் இத்தனை வருஷம் கேட்ட அதே பேச்சு, இப்போது விதியாக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. 1965-ல் லால் பகதூர் சாஸ்திரி சொன்ன 'ஜெய் ஜவான் ஜெய் கிசான்' எங்கள் ஸ்கூல் சுவரில் எழுதியிருக்கும். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவர், கலப்பையோடு ஒருவர் என்று ரெண்டு படம். எங்கள் வீட்டில் அது ஒரே ஆள். காகிதத்தில் ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது, ஒரே ஆளாக வந்து நின்றால் ஏதாவது ஒரு வரிசையை விட்டு விலகச் சொல்கிறார்கள்.

இதே மாதிரி இன்னொன்று, எதிர்த் திசையிலிருந்து. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். விரல் ரேகை வைக்கிற மிஷின் வந்தபிறகு அப்பாவுக்கு அது பெரிய பாடு. பொதுச்சேவை மையத்தில் கட்டைவிரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். துடைத்துவிட்டு வைப்பார், சிவப்பு. எண்ணெய் தடவிப் பார்ப்பார்கள், அழுக்கு போனால் வரும் என்பார்கள், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். அவர் விரலை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மண்வெட்டிக் காம்பு பிடித்துப் பிடித்து நுனியில் தோல் தகடாகிவிட்டது. ரேகை இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே நாலைந்து வெடிப்பு, வெடிப்புக்குள் என்ன தேய்த்தாலும் போகாத செம்மண். மண்வெட்டி பிடித்த கை என்பதால் அந்த மிஷினுக்கு அவர் உயிரோடு இருப்பது தெரியவில்லை. பென்ஷன் வாங்குவதால் இந்த லிஸ்ட்டில் அவர் விவசாயி இல்லை. முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கிற வசதி 2021-ல் வந்தபிறகு நவம்பர் மாதத்தில் நானே போனில் செய்துவிடுகிறேன், இப்போது அந்தத் தொல்லை இல்லை.

நாலு வருஷக் கணக்கு

சின்ன அத்தை மகன், நாலு வருஷத்துக்குப் பட்டாளத்தில் ஆள் எடுக்கிற அக்னிவீர் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். 1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துக்குள் ஓடினால்தான் முழு மார்க், அதற்காக விடிகாலையில் ரோட்டில் ஓட்டம். அவன் எங்கள் அப்பாவிடம் ஆலோசனை கேட்க வந்தபோது நானும் இருந்தேன். 2022 ஜூனில் அந்தத் திட்டம் அறிவித்ததிலிருந்து இதைப் பற்றி எத்தனையோ வாதம் கேட்டிருக்கிறோம். படை இளமையாக இருக்க வேண்டும், செலவு குறைய வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு அவர்கள் காரணம் இருக்கலாம், படையை எப்படி நடத்த வேண்டும் என்று பேச எனக்குத் தகுதி இல்லை. எங்களைப் போன்ற வீட்டில் அது என்ன செய்யும் என்று மட்டும் எனக்குத் தெரியும். நாலு வருஷம், நூற்றுக்கு 25 பேர் வரை உள்ளே நிற்கலாம், பாக்கிப் பேர் ஏறத்தாழ 11.71 லட்ச ரூபாயோடு வெளியே வர வேண்டும், பென்ஷன் கிடையாது.

அப்பா அவனைப் போகாதே என்று சொல்லவில்லை. ஓட்டத்தைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். அப்புறம், "நாலு வருஷம் கழிச்சு வெளிய வந்தா அந்தப் பணத்த இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். அவன் யோசித்து வைத்திருந்தான். "நம்ம கழனில போர்வெல் போட்டு, ரெண்டு கறவை மாடு வாங்கலாம்னு இருக்கேன் மாமா." அப்பா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அவனைக் கூட்டிக்கொண்டு போய் வடகிழக்கு மூலையில் அந்தக் கல்லைக் காட்டி, எத்தனை அடி, எவ்வளவு பணம், எத்தனை வருஷம் என்று எல்லாவற்றையும் சொன்னார். எங்களிடம் சொல்லாததை அவனிடம் சொன்னார். "மொத்தமா வர்ற பணம் ஒரே ராத்திரியில போயிடும்டா. எனக்கும் போச்சு. மாசாமாசம் வந்ததுதான் என்னை நிக்க வச்சுது. உனக்கு அது இருக்காது. அதனால உள்ள இருக்கிற நாலு வருஷத்துல ஒரு டிரேட் கத்துக்கோ, வெளிய வந்தா சோறு போடற மாதிரி. கழனிய அந்தப் பணத்த நம்பித் தொடாத."

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இத்தனை வருஷ உறுத்தல் என்னவென்று பிடிபட்டது. ஊர் சொல்வது சரிதான், பென்ஷன்தான் எங்களைக் காப்பாற்றியது. அது சொகுசாக வந்து காப்பாற்றவில்லை. தோற்றுப்போன ஒரு விவசாயி மறுபடியும் விதைக்கிற வரைக்கும் அவனை ஊரில் நிறுத்தி வைத்தது. தெருவில் தோற்ற மூன்று வீட்டில் எங்களுக்கு மட்டும் இரண்டாவது, மூன்றாவது தடவை கிடைத்தது. 'உனக்கின்னா' என்று அவர்கள் சொல்லும்போது அதில் பொறாமையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் நியாயமான ஒரு கேள்வியும் இருக்கிறது: உனக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஷூ கம்பெனிக்குப் போனவருக்கு மாதம் ஒரு சின்னத் தொகை, மழையைப் பார்க்காமல் வந்திருந்தால், அவரும் 2005 மழைக்கு ஊரில் இருந்திருப்பார். அந்தத் தொகைக்காக எங்கள் வீட்டில் ஒருவர் 18 வருஷமும் கால்விரல் ரெண்டும் கொடுக்க வேண்டியிருந்தது. அதை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது, வேறு வழி எதையும் இந்த நாடு இன்னும் சிறு விவசாயிக்குக் காட்டவுமில்லை.

இப்போது எங்கள் வீட்டிலேயே அடுத்த கணக்கு வந்து நிற்கிறது. அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வரும். அதற்கப்புறம் அந்த ரெண்டு காணிக்கு மாதாமாதம் எதுவும் வராது. ரோட்டோரம் எல்லாம் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், எங்கள் கழனி வரைக்கும் விலை பேச ஆள் வருகிறது. விற்றுவிடலாம், அப்பா இருக்கும்போதே விற்றால் அவர் நிம்மதியாக உட்காருவார் என்கிறான் தம்பி. அவன் சொல்வதில் அன்பு இருக்கிறது, அதனால்தான் சண்டை போட முடியவில்லை. ஆனால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த 2004 காலையில் மட்டும்தான், அதை நிம்மதி என்று சொல்ல முடியாது. எனக்குச் சென்னையில் மாதச் சம்பளம் வருகிறது, மழையைப் பார்க்காமல். அதில் ஒரு பங்கு ஊருக்குப் போகட்டும் என்று அவனிடம் சொன்னேன். பயிர் வைக்கப்போவது யார், லீவு போட்டு வந்து நீ களையெடுப்பாயா என்று கேட்டான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வாடகைக்குக் குடித்தனம் வைக்கிற மாதிரி வாரத்துக்கு ஒரு நல்ல ஆளைப் பிடிக்கலாம், அத்தை மகன் ஓட்டத்தில் தேறாவிட்டால் அவனே வரலாம், எதுவும் உறுதியில்லை. இந்த மார்கழிப் பட்டத்துக்கு விதை மணிலாவும் உழவுக் கூலியும் என் செலவு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டார், நோட்டில் மட்டும் அதைக் கடன் என்றுதான் எழுதுவேன் என்கிறார். தம்பி பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறான்.